பெட்டி போன வீடு

ஜூலை 2, புதன்

செயலாளர் ஜெயபாண்டியன் இன்று என்னைக் கூப்பிட்டு, வருகிற சுதந்திர தினத்தோடு நம் ஊர்மணி வானொலிக்குப் பதினைந்து வயது நிறைகிறது, ஒரு வரலாறு எழுதிக் கொடு என்றார். மலர் போடப் போகிறார்களாம்.

"பத்துப் பக்கம் போதும் பவளம். உரிமத்தைப் புதுப்பிக்க டெல்லிக்கு எழுதிப் போட்டிருக்கோம்லா, அதோட சேத்து வைக்கணும். பெருமையை மட்டும் எழுது."

பெருமை பத்துப் பக்கத்துக்குத் தேறுமா என்று கேட்க வாய் வந்தது. ஆண்டுதோறும் என் வேலையைப் புதுப்பிக்கும் மனிதரிடம் வாய் அவ்வளவு நீளக் கூடாது. துணிக்கடையில் கொடுத்த இந்த டைரி ஆறு மாதமாகச் சும்மா கிடந்தது. குறிப்பெடுக்க ஆகும் என்று தூசி தட்டி எடுத்தேன்.

எழுத என்ன இருக்கிறது? உடைமரத்தூரைத் தாண்டிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் என் குரல் வெறும் இரைச்சல். அதற்கு உள்ளே இருக்கிற சனங்களுக்கு நாங்கள்தான் ஆகாசவாணி, பேப்பர், டிவி எல்லாம். ஆனால் எங்களைப் போன்ற சின்ன நிலையங்கள் செய்தி வாசிக்கக் கூடாது. அதனால் செய்தி என்ற சொல்லையே ஞானசிகாமணி அண்ணாச்சி முதல் நாளே ஒழித்துக்கட்டிவிட்டார். எல்லாம் அறிவிப்பு. காலை ஆறு மணிக்கு எந்தத் தெருவுக்குத் தண்ணீர், எங்கே கரண்ட் கட். ஆறு இருபதுக்கு வாழைத்தார், முருங்கைக்காய் விலை. ஆறே முக்காலுக்கு ஊரில் செத்தவர்களுக்கான கண்ணீர் நேரம். ஏழு மணிக்குச் சந்தை முக்கு. யார் வேண்டுமானாலும் போன் போட்டு எதையும் பேசலாம், கட்சியும் சாதியும் தவிர. "அது ரெண்டையும் விட்டா பேச என்னம்மா இருக்கு" என்று முதல் வாரமே ஒருவர் கேட்டார். அன்றிலிருந்து பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

எல்லாம் அண்ணாச்சி வகுத்தது. ஆட்டோவில் குழாய் கட்டிக்கொண்டு சினிமாவுக்கும் கோயில் கொடைக்கும் சர்ச் அசன விருந்துக்கும் ஊர் ஊராய் அறிவிப்புச் செய்துகொண்டிருந்தவரைக் கூட்டிவந்து இந்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள். எனக்கு மைக் முன்னால் மூச்சு விடக் கற்றுக்கொடுத்தவர். கண் மங்கிய பிறகு, இரண்டு வருடத்துக்கு முன்னால்தான், விலகினார். அவரைக் கேட்காமல் வரலாறு எழுத முடியாது. அவரோ நெஞ்சில் நீர் கோத்துப் பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறார்.

ஜூலை 5, சனி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணாச்சி கண் திறக்கவில்லை. மூக்கில் குழாய். மகன் தேவதாசன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காய்ந்த பன்னைத் தின்றுகொண்டிருந்தான். வீடு கட்டுகிற கம்பி வேலை அவனுக்கு; இரண்டு வாரமாக வேலைக்குப் போகவில்லை. "ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பாங்களாம், பொறவு வீட்டுக்குக் கொண்டுபோன்னு சொல்லுதாங்க அக்கா" என்றான். அப்படிச் சொன்னால் என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்து வரலாற்றில் அண்ணாச்சியைப் பற்றிய பகுதியை எழுதினேன். என்னை அறியாமல் நன்றாக வந்துவிட்டது. வானொலிக்கு வாசிக்கிற மாதிரி வாக்கியங்களைச் சின்னச் சின்னதாக ஒடித்து எழுதினேன். என் வீட்டுக்காரர் மாடசாமி தையல் மிஷினிலிருந்து எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன பவளம், மனுசன் இன்னும் மூச்சு விட்டுக்கிட்டு இருக்காரு."

"வரலாறுன்னா அப்படித்தான் எழுதணும். உங்க வேலையைப் பாருங்க."

ஒரு பிரதி எடுத்து நிலையத்தில் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். தொலைந்துபோகக் கூடாதே என்றுதான்.

ஜூலை 7, திங்கள்

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. நடந்தபடி எழுதுகிறேன்.

கண்ணீர் நேரத்துக்கு அண்ணாச்சி ஒரு முறை வைத்திருந்தார். துட்டி வீட்டுக்குப் போன் போட்டு, "செத்துட்டாரா?" என்று கேட்கக் கூடாது. அழுகிறவர்களிடம் அது கேட்கிற கேள்வி இல்லை. பந்தல், நாற்காலி, ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிற சுடலையைக் கேள். ராத்திரி எந்த வீட்டுக்குப் பெட்டி போனது என்று அவனுக்குத் தெரியும். பெட்டி போயிருந்தால் வாசி. பெட்டி பொய் சொல்லாது. பதினைந்து வருடத்தில் அது பொய் சொன்னதும் இல்லை.

காலையில் நான் நிலையத்துக்குக் கிளம்பும்போது இவர் படுத்தபடியே, "ஞானசிகாமணி அண்ணாச்சியை நேத்து ராத்திரி வீட்டுக்குக் கொண்டாந்துட்டாங்களாமே. வேதக்கோயில்ல துக்க மணி அடிச்ச மாதிரி இல்லையே" என்றார். இந்தக் காற்றுக்கு மணிச் சத்தம் எங்கே கேட்கப் போகிறது என்றேன். காற்று உண்மையிலேயே பேயாய் அடித்தது.

ஆறரைக்குச் சுடலையைக் கூப்பிட்டேன். "ஒண்ணே ஒண்ணுதான் அக்கா. ஞானசிகாமணி அண்ணாச்சி வீட்டுக்கு. தேவதாசனே வந்து சொன்னான், பத்து மணிக்கே கொண்டு இறக்கிட்டோம்" என்றான்.

கண்ணாடியைத் தூக்கித் தாளை எடுத்தேன். வயலின் இசையைப் பின்னால் ஓடவிட்டு வாசித்தேன். 'இந்த ஊருக்குக் காதைக் கொடுத்தவர்' என்ற இடத்தில் என் குரல் உடைந்தது. நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி தொடங்கினேன். பதினைந்து வருடத்தில் நான் வாசித்த நல்ல அறிவிப்பு அதுதான். சந்தை முக்கு முழுக்க அவரைப் பற்றியே பேசினார்கள். போன் வைக்க வைக்க அடித்தது.

நாலாவது அழைப்பு தேவதாசன். அதை நேரலையில் எடுக்காதது என் நல்ல காலம்.

"அக்கா, அப்பா ரேடியோ கேட்டுக்கிட்டு இருக்காவ" என்றான்.

எனக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னான். விடியற்காலம் நாலு மணிக்குக் கண் திறந்து தண்ணீர் கேட்டாராம். கஞ்சி குடித்தாராம். ஆறு மணிக்கு வழக்கம்போல ரேடியோவைப் போடச் சொன்னாராம்.

நான் போனபோது தெருவே நிறைந்திருந்தது. பந்தல் போட்டு, நாற்காலிகள் அடுக்கி, நடுவில் பெட்டி. ஆட்கள் கையில் மாலையோடு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே போய் உயிரோடு இருக்கிறவரைப் பார்த்து என்ன சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. "செத்தார்னு சேதி வந்தா ஆயுசு நூறு அண்ணாச்சி" என்று இரண்டு பேர் சொல்லிப் பார்த்தார்கள். துட்டிக்கு வாங்கிய மாலையைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. வாசலில் நின்ற முருங்கை மரத்தில் மாட்டிவிட்டுப் போனார்கள். மரம் முழுக்க ரோஜா மாலை.

அண்ணாச்சி கட்டிலில் சாய்ந்து கிடந்தார். தலைமாட்டில் டிரான்சிஸ்டர். ஜன்னல் வழியாகப் பார்த்தால் நேரே பெட்டி தெரியும். என் காலடி கேட்டதும் முகத்தைத் திருப்பினார்.

"வயலினைக் கொஞ்சம் கம்மியா வச்சிருக்கலாம் பவளம். உன் குரலை அமுக்கிட்டு."

நான் அழுதேன். வேறென்ன செய்ய.

வெறும் பெட்டி திரும்பினால் ஒரு ஆளைத் தேடும் என்று சுடலை பெட்டியை எடுக்க மாட்டேன் என்றான். எங்களுக்கு அதெல்லாம் கிடையாது என்று தேவதாசன் கத்தினான். கடைசியில் சுடலை ஒரு கோழியைப் பிடித்து உள்ளே வைத்து மூடி எடுத்துப் போனான். கோழி உள்ளே றெக்கை அடிக்கிற சத்தத்தை அண்ணாச்சியும் கேட்டிருப்பார்.

வீட்டு வாசலில் நின்று, குளித்துவிட்டு வருவதா அப்படியே வருவதா என்று கேட்டேன். "இது துட்டியா இல்லையான்னு எனக்கும் தெரியல. எதுக்கும் ரெண்டு வாளி ஊத்திட்டே வா" என்றார் இவர்.

ஜூலை 8, செவ்வாய்

கண்ணீர் நேரத்தில் ஒருவர். நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாசித்தேன். நேற்றைய அறிவிப்பு தவறு என்று ஒரு வரி வாசிக்கட்டுமா என்று செயலாளரைக் கேட்டேன். "ஊரே நேர்ல வந்து பாத்துட்டுப் போயிட்டுல்லா, இனி எதுக்கு? டெல்லிக்காரன் ரெக்கார்டைக் கேட்டா, இவனுங்க உயிரோட இருக்கிறவனைச் சாகடிக்கிறானுங்கன்னு உரிமத்தைப் பிடுங்கிருவான்" என்றார்.

ஜூலை 10, வியாழன்

வரலாற்றுக்கு விவரம் கேட்கிற சாக்கில் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். ஒரு டம்ளர் காபி குடிக்கிற அளவுக்குத் தேறியிருக்கிறார். தேவதாசன் காபியைக் கொண்டுவந்து வாசற்படியிலேயே வைத்துவிட்டுப் போனான். அப்பாவும் மகனும் பேசிக்கொள்வதில்லை.

முதல் நாள் ஒலிபரப்பைப் பற்றிச் சொன்னார். தண்ணீர்த் தொட்டி மேல் கம்பம் கட்டி, காலையில் முதல் வார்த்தையாக, "உடைமரத்தூர், முழிச்சாச்சா?" என்றாராம். எதிர்ச் சாயாக் கடையில் ஒருவர் எழுந்து நின்று, "முழிச்சாச்சு அண்ணாச்சி" என்றாராம். சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்தது.

"மறுப்பு எப்ப வாசிக்கப் போறே?" என்று கேட்டார்.

"செயலாளர்கிட்ட கேட்டிருக்கேன்."

"ரொம்ப வேண்டாம். ஒரு வரி. ஞானசிகாமணி இருக்கான். அவ்வளவுதான்." பிறகு, "நீ வாசிச்சது நல்லா எழுதியிருந்தது. எப்ப எழுதினே?" என்றார்.

காபி ஆறுகிறது அண்ணாச்சி என்றேன்.

ஜூலை 12, சனி

தேவதாசன் நிலையத்துக்கே வந்துவிட்டான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அம்மா செத்த அன்னைக்கு ஊர்ல இருந்தது ரெண்டு பெட்டி, ரெண்டும் வெளியூரு போயிட்டு. வெயிலுக்குத் தாங்காதுன்னு சாயங்காலமே எடுத்துட்டோம். எங்க அக்கா நாக்பூர்ல இருந்து மறுநாள் வந்து வெறுங் கட்டிலைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. இன்னைக்கு வரைக்கும் என்கிட்ட அதைச் சொல்லிக்காட்டுதா. டாக்டர் விடியாதுன்னு சொல்லிட்டாரு. அதான் முன்கூட்டியே சொல்லி வச்சேன்."

"தெரியும் தேவதாசு. உன்னை யாரும் தப்பா நினைக்கல."

"இப்ப நினைக்கல. ரேடியோ சொன்னதைக் கேட்டுத்தான் பெட்டி வந்துன்னு நினைச்சுக்கிட்டு இருக்காவ. நீங்க மறுப்பு வாசிச்சா, எப்படித் தப்பாச்சுன்னு கேப்பாவ. அப்பன் உயிரோட கிடக்கும்போதே பெட்டிக்குச் சொன்னவன்னு ஆயிரும். என் பிள்ளைங்க பள்ளிக்கூடம் போகணும் அக்கா. மூணு மாசமா அவருக்கு மலம் எடுத்தது நான்தான்." அழுதான். ஆம்பிளை அழுவதைப் பார்க்க முடியவில்லை.

"உயிரோட இருக்கும்போதே ஏற்பாடு பண்றது பெரிய பாவமா அக்கா?"

இல்லை என்றேன். என் முழங்கை மேசைக் கண்ணாடி மேல் இருந்தது. வாசித்து முடித்ததும் பழக்கத்தில் அந்தத் தாளை அங்கேயே திருப்பி வைத்திருந்தேன். அவன் போகும்வரை கையை எடுக்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

சந்தை முக்கில் இன்று குப்பை வண்டிப் பேச்சு. நடுவில் செட்டிவிளையிலிருந்து ஒரு பெரியவர்: "ஏம்மா, ஞானசிகாமணி செத்துட்டார்னீங்க. இருக்கார்னு எங்க மருமகன் சொல்லுதான். நீங்க ஒண்ணும் சொல்லலையே. எது மெய்?"

அடுத்த அழைப்புக்குப் போவோம் என்றேன். அடுத்த அழைப்பு எதுவும் வரவில்லை. பாட்டுப் போட்டேன்.

கேஸ் தீர்ந்துவிட்டது. மண்ணெண்ணெய் அடுப்பில் சோறு. இவர் முகம் சுளித்தார்.

ஜூலை 17, வியாழன்

அண்ணாச்சியின் முகத்தில் தாடி வெள்ளையாய் மண்டிக் கிடக்கிறது. வாரா வாரம் வீட்டுக்கு வந்து சவரம் செய்கிறவர் வரவில்லையாம். ஆள் அனுப்பினால் நாளை, நாளை என்கிறாராம். தெருப் பிள்ளைகள் பந்து விழுந்தால் இந்த வாசலுக்குள் வருவதில்லை. முருங்கை மரத்து மாலைகள் காய்ந்து நார் தொங்குகிறது. யாரும் தொட்டு எடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

"பாத்தவன் எல்லாம், 'பாத்தேன், இருக்காரு'ன்னு சொல்லிட்டான். ஆனா பாத்தியா, ஒருத்தனும் நம்பல. ரேடியோ சொல்லாத வரைக்கும் இந்த ஊர்ல எதுவும் நடந்ததாக் கணக்கு இல்ல. நாமதான் அப்படிப் பழக்கிட்டோம்" என்றார்.

அவருக்கே ஒரு சட்டம் இருந்தது. வானொலியில் மறுப்பு வாசிக்கக் கூடாது. வாசித்தால் மறுநாள் வாசிக்கிற எதையும் கேட்கிறவன் நம்ப மாட்டான். ஒரு தடவை கரண்ட் கட் தேதியை நான் தப்பாகச் சொல்லிவிட்டு மறுநாள் மன்னிப்புக் கேட்டதற்கு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அதை ஞாபகப்படுத்தினேன்.

"அது கரண்ட் கட்" என்றார்.

பிறகு என் கையைப் பிடித்தார். விரல்கள் குச்சியாய் இருந்தன. "நான் ரொம்ப நாள் இருக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும் பவளம். அதுக்குள்ள ஒரு தடவை, நான் இருக்கேன்னு ரேடியோவுல கேக்கணும். இப்ப நான் கெடக்கிற இடம் வீடா கல்லறையான்னு எனக்கே சந்தேகமா இருக்கு. பகல்ல தூங்கி முழிச்சா, எது மெய்னு கொஞ்ச நேரம் பிடிபட மாட்டேங்கு."

திங்கட்கிழமை ஆறே முக்காலுக்கு வாசிக்கிறேன் என்றேன். சத்தியம் பண்ணு என்று அவர் கேட்கவில்லை. நானாகத்தான் பண்ணினேன்.

ஜூலை 20, ஞாயிறு

எழுதிவிட்டேன். 'இம்மாதம் ஏழாம் தேதி இந்நேரத்தில் நாம் வாசித்த ஓர் அறிவிப்பு தவறானது. ஞானசிகாமணி அண்ணாச்சி நம்மோடு இருக்கிறார். நிலையம் வருந்துகிறது.' பெட்டியைப் பற்றி ஒரு சொல் இல்லை. தேவதாசன் மேல் ஒரு தூசி விழாது. செயலாளர் கேட்டால் வாய்தவறி வந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். என்ன, தலையையா எடுத்துவிடுவார்.

இவரிடம் வாசித்துக் காட்டினேன். "இதை எழுத ரெண்டு வாரமா?" என்றார். பிறகு, "நாளைக்கு நான் கடையைத் தொறக்கிறதுக்கு முன்னாடி ரேடியோவைப் போட்டுருதேன்" என்றார்.

ஜூலை 21, திங்கள்

தண்ணீர் கீழத்தெருவுக்கு. வாழைத்தார் விலை இறக்கம். ஊரில் சாவு எதுவும் இல்லை. கண்ணீர் நேரத்தில் வயலின் இசையை முழுவதும் ஒலிபரப்பினேன்.

தேவதாசன் காலை ஐந்தரையிலிருந்து நிலையத்து மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். அறைக் கண்ணாடிக்கு வெளியே தெரிந்தான்.

மறுப்பு வாசிக்க நேரம் போதவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

நாளை.

ஜூலை 23, புதன்

இவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. சட்டைக் காலரில் ஊசியைக் குத்திக்கொண்டே இருந்தார்.

ஜூலை 26, சனி

போகாமல் இருக்க முடியவில்லை, போனேன். முகச் சவரம் ஆகியிருந்தது. தேவதாசனே செய்துவிட்டானாம். தாடையில் இரண்டு இடத்தில் வெட்டு. பேசாத அப்பாவும் பேசாத மகனும் அவ்வளவு பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு எப்படி இருந்தார்களோ.

டிரான்சிஸ்டர் ஜன்னல் திண்டில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பின்பக்க மூடி திறந்து, பேட்டரி இருக்கிற பள்ளம் காலியாக இருந்தது. அதைப் பார்த்ததை அவர் கவனித்தாரா தெரியாது, கண்தான் மங்கலாயிற்றே.

திங்கட்கிழமை பற்றி அவர் கேட்கவில்லை. நான் சொல்ல வாயெடுத்தேன். கையை ஆட்டி நிறுத்திவிட்டார்.

"வரலாறு எழுதி முடிச்சிட்டியா?"

"உங்க பகுதி மட்டும் பாக்கி."

"அதுல என் தேதியை ஜூலை ஏழுன்னே போடு. ரேடியோ சொன்னதை மாத்தக் கூடாது. சட்டம் போட்டவனுக்குச் சட்டம் கிடையாதுன்னு ஆயிரக் கூடாதுல்லா." கோபம் இல்லை அந்தக் குரலில். இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். விலைப் பட்டியல் வாசிப்பது போல இருந்தது.

கிளம்பும்போது, "நீ எழுதினதை நான் இருக்கும்போதே கேட்டுட்டேன். அது எத்தனை பேருக்கு வாய்க்கும்" என்றார். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரா, குத்துவதற்காகச் சொன்னாரா? வழி நெடுக அதையே நினைத்துக்கொண்டு வந்து, மீன் வாங்க மறந்துவிட்டேன்.

ஜூலை 31, வியாழன்

மலரின் அச்சுப்படி வந்தது. முதல் பக்கத்தில் அண்ணாச்சி படம். கீழே, 'மறைந்த நம் முன்னோடி'. செயலாளரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"சார், அவரு இருக்காரு."

"பதினஞ்சாம் தேதிதானே வெளியிடுதோம்?" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் ஒண்ணும் சொல்லல பவளம். அச்சு மாத்தினா லேட்டாகும், அதான்" என்றார்.

நான் எழுதித் தந்த வரலாறுதான் அது. தேதியும் நான் போட்டதுதான்.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஐந்தேகால் மணிக்கு வாசலில் தேவதாசன் நின்றான். சைக்கிளுக்கு ஸ்டாண்டு கூடப் போடவில்லை.

"அப்பா போயிட்டாவ" என்றான். எப்போது என்று கேட்டேன். மூச்சு நின்று நெடுநேரம் ஆயிற்றாம். அதுவரை யாரிடமும் சொல்லாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தானாம். "பயமா இருந்தது அக்கா. மறுபடி முழிச்சிட்டாவன்னா?"

கூடவே போனேன். காலைத் தொட்டுப் பார்த்தேன். நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தேன். இந்த ஊரில் யாருடைய சாவையும் நான் இவ்வளவு உறுதியாகத் தெரிந்துகொண்டதில்லை. தலைமாட்டில் ஒன்றும் இல்லை. டிரான்சிஸ்டர் திண்டிலேயே கிடந்தது.

சுடலையிடம் இரண்டு பெட்டியும் இல்லை. ஒன்று சந்தைப் பக்கம், ஒன்று செட்டிவிளை. ஐஸ் கட்டி வாங்கித் தட்டில் வைத்தார்கள். நாக்பூர் அக்காவுக்குப் போன் போட்டான். போன தடவை பாதி வழியில் ரயிலை விட்டு இறங்கித் திரும்பிப் போனவள். "நல்லாப் பாத்தியா?" என்று அவள் கேட்டது எனக்கே கேட்டது. பிறகு போட்டோ அனுப்பச் சொன்னாள். அனுப்பினான். இன்று சாயங்காலத்துக்குள் அவளால் எப்படியும் வந்து சேர முடியாது.

செயலாளரைக் கூப்பிட்டேன். "ஒரே ஆளுக்கு ரெண்டு தடவையா? வாசிச்சதுதானே. அப்படியே விட்டுரு. மீறி வாசிச்சா உனக்கும் எனக்கும் பேச்சு இல்ல" என்றார்.

நிலையத்துக்குப் போனேன். தண்ணீர் வாசித்தேன். விலை வாசித்தேன். ஆறே முக்காலுக்கு மைக்கைத் திறந்தபோது கையில் தாள் இல்லை. நல்ல வார்த்தை எல்லாவற்றையும் ஏற்கெனவே செலவழித்துவிட்டேன். வயலின் போடவில்லை.

"ஞானசிகாமணி அண்ணாச்சி இன்று அதிகாலை காலமானார். ஜூலை ஏழாம் தேதி நான் வாசித்தது தவறு. அன்றிலிருந்து இன்று வரை அவர் இருந்தார். அவர் இருக்கும்போதே அவருக்கு எழுதி வைத்தவள் நான். அடக்கம் சாயங்காலம் நாலு மணிக்கு."

இவ்வளவுதான். மைக்கை மூடும்போது கோயில் துக்க மணி அடித்தது. கதவை இழுத்து மூடியிருந்தும் உள்ளே தெளிவாகக் கேட்டது. காற்றெல்லாம் ஒன்றும் இல்லை.

சந்தை முக்கில் ஒருவரும் அவரைப் பற்றிப் பேசவில்லை. குப்பை வண்டி, குப்பை வண்டி.

நாலு மணிக்கு, சுடலை போட்ட நாற்காலிகளில் பாதிரியாரும் இவரும் சுடலையும் கோயில் ஆட்கள் நாலைந்து பேரும். தெருவில் போகிறவர்கள் பந்தலை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். அன்று மாலையோடு வந்தவர்களில் ஒருவர் ஆள் மூலம் சொல்லியனுப்பினார், நாங்கதான் அன்னைக்கே வந்து துட்டி கேட்டாச்சே என்று. முருங்கை மரத்தில் காய்ந்த நார் அப்படியே. புது மாலை என்று ஒன்று, என்னுடையது. சவப்பெட்டியைத் தூக்க ஆள் போதாமல் இவரும் தோள் கொடுத்தார். தேவதாசன் கடைசி வரை அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். கண் திறந்துவிடுமோ என்று பார்க்கிறவன் மாதிரி இருந்தது.

வந்து குளித்தேன். இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

செயலாளர் வரவில்லை, கூப்பிடவும் இல்லை. வருகிறபோது என்ன வரும் என்று தெரியும். மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த தாளை எடுத்துக் கிழித்துப் போட்டேன்.

ஏழு மணி தாண்டிச் சந்தை முக்கில் போன் அடித்தது. செட்டிவிளைப் பெரியவர்தான், எது மெய் என்று அன்றைக்குக் கேட்டவர். அண்ணாச்சிக்காகத்தான் கூப்பிடுகிறார் என்று தெரிந்து நாற்காலியை மைக் பக்கம் இழுத்துக்கொண்டேன். ஒருவராவது கேட்டிருக்கிறாரே.

"நேத்து கண்ணீர் நேரத்துல, போன மாசம் வாசிச்சதையே மறுபடி போட்டுட்டீங்கம்மா. ஞானசிகாமணி சாவு. அது பழசு. கொஞ்சம் பாத்துப் போடுங்க, மனுசங்க குழம்புதாங்கள்லா" என்றார்.

சரிங்கய்யா, பார்த்துப் போடுகிறோம் என்றேன்.